முதல் ஈட்டு இட்லி

மருந்தைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. செம்பூரில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்து சான்பாடாவில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம் போனால் எங்கள் பரிசோதனைக்கூடம். மாத்திரை, சிரப், ஊசிமருந்து என்று எது வந்தாலும், அட்டையில் எழுதியிருக்கும் மருந்து எழுதியிருக்கும் அளவில் உள்ளே இருக்கிறதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஆன்டிபயாடிக்தான் வரும். அம்மா உயிரோடு இருந்தவரை தாராவி முழுக்க என்னை டாக்டர் என்று சொல்லி வைத்திருந்தாள். எத்தனையோ பேர் என்னிடம் நாக்கை நீட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் மிஷினின் உயிர் ஒரு சாண் நீள எஃகுக் குழாயில் இருக்கிறது. அதற்குள் மைதாவைவிட மெல்லிய துகள்களை இறுக்கி அடைத்திருப்பார்கள். துகளின் மேல் எண்ணெய்ப் பசை மாதிரி ஒரு பூச்சு இருக்கும். மருந்தைக் கரைத்து, அதில் ஒரு துளியைக் குழாயின் ஒரு முனையில் விட்டு, தண்ணீரும் கரைப்பானும் கலந்த திரவத்தால் பெரிய அழுத்தத்தில் தள்ளுவோம். பூச்சில் ஒட்டாத மருந்து சீக்கிரம் வெளியே வந்துவிடும். ஒட்டுகிற மருந்து நின்று நிதானமாக வரும். வெளியேறும் இடத்தில் ஒரு விளக்கு. மருந்து அதைக் கடக்கும்போது கணினித் திரையில் ஓடும் கோடு எழும்பி இறங்கும். அந்த மேட்டைத்தான் பீக் என்கிறோம். எத்தனையாவது நிமிடத்தில் எழும்பியது என்பதை வைத்து எந்த மருந்து என்று சொல்வோம். மேட்டின் அளவை வைத்து எவ்வளவு மருந்து என்று சொல்வோம்.

எனக்கு மனிதர்களைவிட மேட்டின் மேல் நம்பிக்கை அதிகம். அதனால்தான் உனக்குச் சிநேகிதம் குறைவு என்று என் கணவர் சொல்வார். இருக்கட்டும்.

போன வருடம் என் அண்ணனுக்குக் காசநோய் வந்தது. இப்போது சிரித்துக்கொண்டே இதை எழுத முடிகிறது. அன்றைக்கு அப்படி இல்லை.

அண்ணனுக்குத் தாராவியில் இட்லி வியாபாரம். அப்பா ஆரம்பித்தது. அவன் மனைவி, என் மைனி, மாவாட்டி ஊற்றுவார், அண்ணன் வேகவைத்துக் கேனில் அடுக்கி, சைக்கிளில் மாஹிம் பக்கம் கொண்டுபோய் விற்றுவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவான். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறவனுக்கு இருமல் வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? ஆவி, புகை என்று மூன்று மாதம் இழுத்தடித்தான். சளியில் கிருமி இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது பாதி ஆளாகியிருந்தான்.

இட்லி வழியாக இது பரவாது, இருமல் வழியாகத்தான் பரவும் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆனாலும் மாஸ்க் போட வேண்டும், காற்றோட்டமாக உட்கார வேண்டும், வியாபாரத்துக்குப் போகக்கூடாது. ஊர்க்காரர் ஒருவர் வேலையாளாக வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டார். அடுப்பை மைனி எடுத்துக்கொண்டார். அண்ணனுக்கு வாசற்படியோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மிச்சமானது. முப்பது வருடம் ஓடிய கால்களை மடக்கி அதில் உட்கார்ந்திருப்பான். பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

தினமும் காலையில் மூன்று மாத்திரை. செங்கல் நிறத்தில் இருக்கும். ஒரே மாத்திரைக்குள் நான்கு மருந்து. அதில் முக்கியமானது ரிஃபாம்பிசின். சிவப்பு அதனுடையதுதான், குடித்தால் சிறுநீர்கூடச் செம்மஞ்சளாகப் போகும். அண்ணனுக்கும் அப்படித்தான் போனது. நிறம் மாறியதைப் பார்த்து மருந்து உள்ளே வேலை செய்கிறது என்று அவனுக்கு ஒரே திருப்தி. ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிடவில்லை. மைனி காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு வந்தார்.

இரண்டு மாதம் முடிந்து மறுபடி சளியைச் சோதித்தார்கள். கிருமி இன்னும் இருந்தது. எடை ஒரு கிலோகூட ஏறவில்லை. சாயங்காலக் காய்ச்சல் விட்டபாடில்லை.

டாக்டர் பொறுமையான ஆள். கிருமி இந்த மருந்துகளுக்குப் பழகிப்போயிருக்கலாம், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புகிறேன், முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார். அப்படிப் பழகியிருந்தால்? வேறு மருந்துகள், நீண்ட காலம், உடம்பைப் படுத்தி எடுக்கும். அண்ணன் இருக்கிற இருப்பில் அதைத் தாங்குவானா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

மறுநாள் விடியும்போது என் பயம் கோபமாக மாறியிருந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். மாத்திரை போலியாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். எங்கள் வேலையில் செங்கல் நிறச் சாயமும் மாவும் மட்டுமே இருந்த மாத்திரைகளையும் பார்த்திருக்கிறேன். சிறுநீரின் நிறமும் சாயத்தால் வந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். அண்ணனின் அட்டையிலிருந்து சில மாத்திரைகளை வாங்கி, அட்டையோடு கத்தரித்துக் கைப்பையில் வைத்து லேபுக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் மேலதிகாரி மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்து மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மாத்திரையைப் பார்த்தார்.

"ரெஜிஸ்டர் பண்ணாம மிஷின்ல ஒரு சொட்டுகூட ஏத்தப்படாது. தெரியுமோல்லியோ?"

"தெரியும் சார். எங்க அண்ணன் சாப்பிடற மாத்திரை சார்."

அவர் மாத்திரையைக் கீழே வைத்தார். பிறகு நோட்டை இழுத்து, பயிற்சி ஓட்டம் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "எது வந்தாலும் என்கிட்ட காட்டு. தனியா வெச்சுண்டு பார்க்காதே" என்றார்.

மாத்திரையைப் பொடித்தேன். வெளிச்சம் பட்டால் ரிஃபாம்பிசின் கெடும் என்பதால் பழுப்புக் கண்ணாடிக் குடுவையில் கரைத்து, வடிகட்டி ஏற்றினேன். எங்களுக்கு ஒரு விதி உண்டு. சாம்பிளைத் தொடுவதற்கு முன், அளவு தெரிந்த மருந்தை முதல் ஊசியாக ஏற்றி மிஷின் சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன், சரியாகத்தான் பேசியது. அதன்பின் அண்ணனுடைய மாத்திரை.

முதல் ஐந்தாறு நிமிடத்திலேயே இரண்டு மேடுகள் வந்துவிட்டன. ஐசோனியாசிட், பைராசினமைட். நான்காவது மருந்து இந்த விளக்குக்குத் தெரியாது, அதற்கு வேறு வழி இருக்கிறது. எனக்கு வேண்டியது ரிஃபாம்பிசின். அது குழாயின் பூச்சை இறுகப் பிடித்துக்கொள்கிற சாதி. கரைப்பானைக் கூட்டக் கூட்டத்தான் கையை விடும். பத்து நிமிடம் தாண்டியும் கோடு தரையோடு தரையாகப் போனது. வராதே, வராதே என்று மனசுக்குள் சொன்னேன். வராமலிருந்தால் மாத்திரை போலி, கடையை மாற்றினால் அண்ணன் பிழைத்துக்கொள்வான்.

வந்தது. அழகாக, நேராக, எழுதியிருந்த அளவுக்கு ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நல்ல ஒரு மேட்டை நான் அவ்வளவு வெறுத்ததில்லை. மாத்திரை நல்லது என்றால் குற்றவாளி கிருமிதான். மேலதிகாரியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "மாத்திரைல இருக்கு. ரத்தத்துல இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோனேன். அவரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாராம். மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் ரத்தம் எடுத்து, இதே மாதிரி மிஷினில் ஏற்றி, மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்கலாம். வீட்டில் எப்போதும் போலவே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள் என்றார். அண்ணன் வந்து ரத்தம் கொடுத்தான். சில நாள் கழித்து முடிவு வந்தது. ரிஃபாம்பிசின் இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. ரத்தப் பரிசோதனை செய்தவரிடம் கெஞ்சி வரைபடத்தையும் வாங்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் மேடு என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. கரப்பான் பூச்சி உயரம்.

டாக்டர் அண்ணனிடம் கேட்டார், "காலி பேட் லேதே ஹோ நா?" வெறும் வயிற்றில்தானே போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

"ஹாங் சாப், ஏக்தம் காலி பேட்" என்றான் அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மைனியும் தலையாட்டினார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய் என்றாலும் செய்திருப்பேன்.

டாக்டர் யோசித்துச் சொன்னார். அவன் குடல் மருந்தை ஏற்காமல் இருக்கலாம்; அளவைக் கூட்டிப் பார்க்கலாம், இல்லை கல்ச்சர் முடிவு வரும்வரை பொறுக்கலாம். எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. மேடு சிறுத்தால் மருந்தைக் குறை சொல்வதற்கு முன், கரைசல் செய்தவரை மறுபடி ஒரு தடவை செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்ப்போம். வாயால் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை அண்ணன் வீட்டில் தங்கினேன். மாஸ்க் போட்டுக்கொண்டு மாடித் தட்டில் படுத்து, ஐந்து மணிக்கு இறங்கி வந்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தேன். கிரைண்டர் ஓடி முடிந்திருந்தது. வேலையாள் கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். மைனி முதல் ஈட்டை இறக்கி, துணியைப் பிரித்து, இட்லிகளைத் தட்டினார். பிறகு ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்து, பொடி தூவி, நல்லெண்ணெய் ஊற்றி, வாசற்படிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

அண்ணன் மாஸ்க்கை இறக்கினான். இட்லியைப் பிட்டு மோந்து பார்த்தான். பொடியில் தோய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றான். இரண்டையும் தின்று முடித்தான். "புளிப்பு சரியா இருக்கு. உப்பும் அளவா இருக்கு. போவலாம்" என்றான். அப்புறம்தான் வேலையாள் கேனில் அடுக்க ஆரம்பித்தார். இரண்டாம் ஈட்டிலிருந்தும் ஒன்று வந்தது. அதற்கும் ஒரு "போவலாம்". பிறகு எழுந்து கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்து, சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, மூன்று மாத்திரையையும் எண்ணி எடுத்து விழுங்கினான்.

"பாத்துக்கிட்டியா? வெறும் வயித்துலதான் போடுதேன்" என்றான் என்னிடம்.

"அண்ணே, இப்பம் என்ன தின்ன?"

"எங்கட்டி தின்னேன்?"

"இட்லி! மூணு இட்லி! எண்ணெயோட!"

"ஏட்டி, அது ருசி பாக்கதுல்லா" என்றான், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "சாப்பாடு பதினோரு மணிக்குல்லா."

மைனியைப் பார்த்தேன். "அவிய காலையில ஒண்ணும் சாப்பிட மாட்டாவளே, ஒனக்குத் தெரியாதா?" என்றார், மனசார.

கத்தினேன். பக்கத்து வீட்டில் கதவு திறந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். இந்த மருந்து உணவோடு சேர்ந்தால் சரியாக ரத்தத்தில் ஏறாது, அதிலும் எண்ணெயோடு போனால் கேட்கவே வேண்டாம், தினம் தினம் மருந்தைக் குப்பையில் போட்டிருக்கிறாய் என்று என்னென்னவோ சொன்னேன். கத்தி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் உறைத்தது. நான் அந்த வீட்டில் வளர்ந்தவள். அப்பா காலத்திலிருந்து முதல் ஈட்டை ருசி பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கியவள். டாக்டர் கேட்டபோது அண்ணன் தினமும் இட்லி தின்பது எனக்கும் தெரியும். எனக்கும் அது சாப்பாடாகத் தோன்றவில்லை. எந்த மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லித் திரிகிற நான், பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். என்னைவிட மைனியின் பென்சில் கோடு யோக்கியம்.

வெட்கத்துக்கு அடியில் மெல்ல ஒரு சந்தோஷம் கிளம்பியது. இட்லிதான் என்றால் கிருமி இல்லை. இட்லியை நிறுத்த முடியும்.

ஆனால் அண்ணன் நிறுத்த மாட்டேன் என்றான். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் எதுவும் தின்னக்கூடாது; அதற்குள் மூன்று ஈடு மாஹிமுக்குப் போய்விடும். இன்னும் சீக்கிரம் எழுந்து போடலாம் என்றால், நன்றாகத் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிந்திப் போடலாம் என்றால், ஈடு ஈடாக ருசி பார்க்கிற வயிறு பதினோரு மணிச் சாப்பாடு வரை காலியாவதில்லை.

"நான் பாக்காம ஒரு ஈடு வெளிய போனதில்ல. சைக்கிளப் புடுங்கினிய. அடுப்பப் புடுங்கினிய. இதையும் புடுங்கினா நான் எதுக்கு உக்காந்திருக்கேன், சொல்லு?"

மைனிதான் சொன்னார், "நான் பாக்கேன்."

"உப்புப் போடுதவளுக்கு உப்பு தெரியுமா?"

"நீங்க இருந்தீயன்னாதான நாளைக்குத் திட்டதுக்கு ஆள் உண்டு. மாத்திரையப் போடுங்க."

நான் சமாதானமாக என் லேப் கதையை எடுத்தேன். எங்களுக்கும் முதல் ஈடு உண்டு, முதல் ஊசி சரியாக வராமல் மற்றதை ஏற்ற மாட்டோம் என்றேன். அவனுக்கு அது பிடித்தது. "ஒங்க மிஷினு ருசி பாத்துட்டு முழுங்கிருமா?" என்று கேட்டான். இல்லை, கழிவு பாட்டிலுக்குப் போய்விடும் என்றேன். "அப்பம் நானும் மென்னுட்டுத் துப்பிருதேன்" என்றான். மறுநாள் மாத்திரையை முதலில் போட்டுவிட்டு அதையும் செய்து பார்த்திருக்கிறான். பிட்டதை மென்றவன், வாய் நிறைய வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றானாம். துப்ப வரவில்லையாம். கடைசியில் துப்பிவிட்டு, "இட்லியத் துப்புதவன் வெளங்குவானா?" என்று மைனியிடம் தட்டைத் திருப்பிக் கொடுத்தானாம். அதோடு முதல் ஈடு மைனி கைக்குப் போனது.

பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வரைபடத்தை இந்த முறை கெஞ்சாமலே கொடுத்தார்கள், என் தொல்லை தாங்காமல் இருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே பிரித்தேன். ரிஃபாம்பிசின் வர வேண்டிய நிமிடத்தில் வர வேண்டிய உயரத்துக்கு எழும்பியிருந்தது. முன்பு மாத்திரையில் பார்த்து வெறுத்த அதே உருவம், இப்போது என் அண்ணன் ரத்தத்தில். அழுதுவிட்டேன். கணக்கில்லாமல் மேடுகளைப் பார்த்திருக்கிறேன், ஒன்றுக்கும் அழுததில்லை. கூட்டிக்கொண்டிருந்த பெண்மணி துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "கோன் கயா?" என்று கேட்டார். யார் போய்விட்டார்கள் என்கிறார். யாரும் போகவில்லை, யாரும் போகவில்லை என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே சொன்னேன்.

மறுவாரம் கல்ச்சர் முடிவும் வந்தது. கிருமி எந்த மருந்துக்கும் பழகியிருக்கவில்லை. அடுத்த மாதச் சளியில் கிருமி இல்லை. காய்ச்சல் விட்டது. அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்து தெருமுனை வரை நடந்தான், பிறகு மார்க்கெட் வரை. டாக்டர் மேலும் சில மாதம் மருந்தை நீட்டினார். மைனி கோடு போட்டுக்கொண்டே வந்தார். எங்கள் மேலதிகாரிக்கு நான் ஒரு டப்பா பொடி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

கடைசி மாத்திரை முடிந்த மறுநாள் விடியற்காலையில் நான் அங்கே இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். அண்ணன் எட்டு கிலோ கூடியிருந்தான். மாஸ்க் இல்லை. மைனி முதல் ஈட்டை இறக்கித் தட்டில் இரண்டு வைத்துக் கொடுத்தார். வேலையாள் கேனை மூடாமல் காத்திருந்தார். அண்ணன் பிட்டான், மோந்தான், கண்ணை மூடி மென்றான்.

"உப்பு கொறச்சல்" என்றான்.

மைனி சேலை முனையால் முகத்தைத் துடைத்தார். ஆவியா என்னவோ.

"எத்தன மாசமாட்டி இப்பிடி விக்கிய? மாஹிம்காரன் ஒருத்தனும் ஒண்ணுஞ் சொல்லலையா?"

"ஒருத்தனும் சொல்லல. சொல்லதுக்குள்ளவன் இங்கன உக்காந்திருந்தான்" என்றார் மைனி.

அண்ணன் அடுத்த ஈட்டுக்கு உப்பைத் தன் கையால் போட்டான். அதிலிருந்து இரண்டு தின்றான். சரியாக இருக்கிறதா என்று உறுதிப்படுத்த இன்னும் ஒன்று. பொடி மிஞ்சியதால் பொடிக்கு இட்லி, இட்லி மிஞ்சியதால் இட்லிக்குப் பொடி. நான் எதிரே உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தேன், ஏழு வரைக்கும்.

"போதும்ணே, எத்தன இட்லி தின்னாச்சு?" என்றேன்.

அண்ணன் எண்ணெய் விரலைச் சப்பிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நான் எங்கட்டி தின்னேன்? இன்னும் காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலையே."